பாடுகிறவளுக்கும் ஓய்வு வேண்டாமா?

"உங்களுக்கென்ன அக்கா, உட்கார்ந்த இடத்தில் பாடுகிறீர்கள், பணமும் வருது, பேரும் வருது" என்று எங்கள் தெருவில் சொல்லாதவர்கள் குறைவு. யாரும் பொறாமையில் சொல்வதில்லை. பாட்டு என்றாலே சந்தோஷம்தானே, சந்தோஷத்துக்கு எதற்கு ஓய்வு என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. அது சரிதானா என்று சகோதரிகளோடு சேர்ந்து யோசித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கும்பகோணம். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. பாட்டை மட்டும் விடவில்லை. சம்பள வேலை எதுவும் கிடையாது. கோவில் உற்சவம், கல்யாண வரவேற்பு, நவராத்திரி என்று கூப்பிடுகிற இடத்தில் பாடுகிறேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லித் தருகிறேன். 2020-ல் கொரோனா வந்து கோவிலும் மண்டபமும் மூடிக் கிடந்தபோது, செல்போன் வழியாக வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறார். பெரியவள் பிளஸ் டூ, சின்னவன் ஒன்பதாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

சொந்தமாகத் தொழில் செய்கிற பாடகிக்கு எல்லாம் அவளேதான். தேதி குறிப்பதும், பக்கவாத்தியக்காரர்களுக்குச் சொல்வதும், வண்டி பிடிப்பதும், பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடுவதும் அவள் வேலை. ஒரு கோவிலில் 9,000 ரூபாய் கொடுத்தால், வயலின், மிருதங்கம், வண்டி எல்லாம் போக என் கையில் 2,500 நின்றால் அதிகம். அதற்கும் வீட்டில் செலவு காத்திருக்கும். ஆகவே யார் கூப்பிட்டாலும் "வர்றேன்" என்றுதான் வாய் சொல்லும். ஒரு தடவை மறுத்தால் அடுத்த தடவை கூப்பிடுவார்களா என்ற பயம், மாதச் சம்பளம் இல்லாத எல்லோருக்கும் உண்டு. வீட்டில் தையல் தைக்கிற தோழிகளுக்கும், டியூஷன் எடுக்கிறவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

குக்கர் விசிலும் சரளி வரிசையும்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் இரவு எட்டு மணி என்றால் கோடைக் காலத்தில் நமக்கு விடியற்காலை 5.30. நவம்பர் வந்ததும் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்துவிடுவார்கள். மார்ச் வரைக்கும் அதே வகுப்பு நமக்கு 6.30-க்கு வரும். எங்கள் வீட்டில் அதுதான் குக்கர் விசில் நேரம். அந்தப் பக்கம் ஒரு குழந்தை மாயாமாளவகௌளையில் சரளி வரிசை சொல்லும், இந்தப் பக்கம் சின்னவன் "அம்மா, சாக்ஸ் எங்கே?" என்பான். சாயந்திரம் உள்ளூர்ப் பிள்ளைகள். ராத்திரி ஏதாவது வரவேற்பு. மேடையில் பாடுவதைவிட வகுப்பில்தான் தொண்டை அதிகம் உழைக்கும். ஒரே வரியை இருபது தடவை பாடிக் காட்ட வேண்டுமே!

குரலும் உடம்புதான்

2023 தை மாதம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போயிற்று, குரல் திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். குரல் நாண்கள் வீங்கியிருப்பதைத் திரையிலே எனக்கும் காட்டினார். கட்டைவிரல் நகத்தளவு நீளம்கூட இருக்காது போலிருந்தது. இதை நம்பியா இத்தனை காலம் பாடினோம் என்று வியப்பாக இருந்தது.

ஒரு கணக்கு சொல்கிறேன். பெண்கள் பலர் 5 கட்டை சுருதியில் பாடுகிறோம். அதில் ஆதார சட்ஜம் பிடித்தால் குரல் நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 196 தடவை ஒன்றோடொன்று மோதும். மேல் சட்ஜத்துக்குப் போனால் அது இரட்டிப்பு. ஆதார சட்ஜத்திலேயே நின்று ஒரு மணி நேரம் பாடினாலும் ஏழு லட்சம் தடவை! கையால் ஏழு லட்சம் தடவை தட்டினால் கை என்னாகும்? நல்ல பயிற்சி இருந்தால் நாண்கள் அதைத் தாங்கும். ஆனால் வீங்கியிருக்கும்போது தாங்காது.

டாக்டர் சொன்ன சில விஷயங்கள், பாடாதவர்களுக்கும் உதவும். குழந்தைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தொண்டை கட்டிக்கொள்கிற இளம் தாய்மார்கள் எத்தனை பேர்!

தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசினால் ஓய்வு என்று நினைக்கிறோம். அழுத்திக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சிரமம்தான். அடிக்கடி செருமுவதும் அப்படியே. அதற்குப் பதில் ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம். பனங்கற்கண்டுப் பாலும் மிளகு ரசமும் இதமாக இருக்கும். ஆனால் நாம் விழுங்குவது எதுவும் நேராகக் குரல் நாண்மேல் படுவதில்லை, பட்டால் புரையேறிவிடும். நாண்கள் ஈரமாக இருக்க, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பதுதான் வழி. அதிமதுரத்தை நாள்தோறும் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஜாக்கிரதை. குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பத்து நாள் மௌனம்

"பத்து நாள் பாடவே கூடாது, பேச்சும் அவசியத்துக்கு மட்டும்" என்றார். கையில் இரண்டு வரவேற்பும் ஒரு கோவில் கச்சேரியும் இருந்தன. மூன்றையும் என்னோடு பாட்டுக் கற்றுக்கொண்ட தோழிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு கல்யாண வீட்டார் போனில் கோபித்துக்கொண்டார்கள். பணம் போனது ஒரு பக்கம். நாற்பத்து நாலு வயதில் குரல் திரும்பாமலே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் ராத்திரியில் வந்து மார்மேல் உட்காரும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது.

வேண்டியதைச் சின்னவனின் பழைய ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். அத்தை காய் நறுக்கித் தந்தார். என் வீட்டுக்காரர் சுருதியே சேராமல் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டு டிபன் பாக்ஸ் கட்டினார். சிரிப்பை அடக்குவது எனக்குப் பெரும்பாடு. ஐந்தாம் நாள் மொட்டை மாடியில் பெரியவள் துணி உலர்த்திக்கொண்டே மோகனத்தில் ஏதோ முனகுவது காதில் விழுந்தது. நான் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. வகுப்பைக் கேட்டே பிடித்திருக்கிறாள். நான் பாடிக்கொண்டே இருந்திருந்தால் அது என் காதில் விழுந்திருக்குமா?

இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெரு அம்மன் கோவிலுக்காக ஒரு பதிகத்துக்கு மெட்டுப் போட மாதக்கணக்காக முயன்றும் சரியாக அமையவில்லை. வாய் மூடிப் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது தானாக வந்து உட்கார்ந்தது. மாவை அரைத்து வைத்தால் ராத்திரி முழுக்கச் சும்மா விட வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் பொங்குமா? புது மெட்டும் அப்படித்தான்.

பன்னிரண்டாம் நாள் மெதுவாக சட்ஜம் பிடித்தேன். குரல் நின்றது. சுவாமி விளக்கின் முன் நின்று அழுதுவிட்டேன்.

இப்போது எங்கள் ஏற்பாடு

தனித்தனியாக இருந்த மூன்று விடியற்காலை வகுப்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கச்சேரி இல்லாத நாளில் ராத்திரி 9.30-க்குப் படுக்கை. ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மணி நேரம் பேச்சில்லை. அடுத்தடுத்த நாளில் இரண்டு கச்சேரி ஒப்புக்கொள்வதில்லை. இரண்டாவது என் தோழிக்குப் போகும், அவளுக்கு அதிகமாக வருவது எனக்கு வரும். வகுப்பு உள்ள காலையில் டிபன் பாக்ஸ் வீட்டுக்காரர் பொறுப்பு. வருமானம் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். ஆனால் மாதக் கடைசியில் மாத்திரைச் செலவும் குறைந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வகுப்பே கிடையாது. விளக்கேற்றிவிட்டு, யார் கேட்ட பாட்டையோ பாடுவேன். அத்தைக்கு ஒரு கும்மி, பெரியவளுக்கு ஒரு சினிமாப் பாட்டு. அதற்குக் காசு கிடையாது, கைதட்டலும் கிடையாது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் தம் வீட்டிலேயே வாசிப்பாராம். பெரிய வித்வான்கள்கூட வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்பார்களாம். அவர் எங்கே, நான் எங்கே! ஆனாலும் வீட்டுக் கூடத்தில் பாடுவது மேடைக்குக் குறைந்ததல்ல என்று அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு தெம்பு.

மிருதங்கத்தில் கோர்வை வாசிக்கும்போது நடுவில் கார்வை என்று இடைவெளி விடுவார்கள். அங்கே அடி விழாது. தாளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியை விட்டால்தான் கோர்வை சமத்தில் வந்து உட்காரும். கச்சேரிக்குப் போகிறவர்கள் அதை வித்வானின் சோம்பல் என்று சொல்வதில்லை, கணக்கு என்றுதான் சொல்கிறார்கள்.

தைக்கிற சகோதரியே, வரைகிற தங்கையே, கைக்குழந்தையோடு ராத்திரியில் எழுதுகிற பெண்ணே, உங்கள் நாளிலும் ஒரு கார்வைக்கு இடம் வையுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் அதை வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவரை அவர்களுக்குத் தெரியவே தெரியாது.