வாடகை வீடுகளில் பணி செய்வோர் அறிய வேண்டுவது

தறி ஓயும் மாதங்களில் நம் அங்கத்தினர் சிலர் குழாய் வேலைக்கும் தண்ணீர் வண்டி ஓட்டவும் செல்கின்றனர். "வீட்டுக்காரர் சொன்னார், செய்தோம்" என்பது அவர்களைக் காக்காது.

1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் திருத்தம் பெற்றுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆயிற்று. தீண்டாமையின் பேரால் ஒருவர் எப்பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது அதன்படி குற்றம். பொருள் விற்போரும் பணி செய்வோரும் பிறர்க்குச் செய்யும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனையில் அவருக்கும் செய்தல் வேண்டும். தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் கடைசியாகச் சேருவது இயல்பே; சாதி பார்த்துக் கடைசியாக்கினால் தண்டனை உண்டு.

இது ஏட்டுச் சட்டமன்று. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை விசாரிக்க அதிகாரிகள் வந்தபோது, இறையூர்த் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை முறையையும் மக்கள் முறையிட்டனர். கடை நடத்தியவர் மீது வழக்குப் பதிவாயிற்று.

2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, வீட்டுக்காரர் தாமாகவோ பிறர் வாயிலாகவோ தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது என்கிறது. அந்தப் 'பிறர்' நம் அங்கத்தினராக இருக்கக்கூடும். ஆதலின் புதுக்கோட்டை நகரில் குடித்தனக்காரரின் குழாயை மூடச் சொன்னால் அக்கூலியை மறுத்துவிடுக. குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.