சண்டி மாடு எனத் தள்ளுமுன்
முன்செல்ல மறுக்கும் இளம் நாம்பனின் நோவிடம் அறிதல்

மாவடிப்பள்ளி வட்டையொன்றில் மூன்று வயது நாம்பன் ஒன்று முதன்முறையாக நுகத்திற் பூட்டப்படுகின்றது எனக் கொள்க. பத்துப் பாகம் நடக்கின்றது, நிற்கின்றது. அதட்டினால் இரண்டடி வைக்கின்றது, மீண்டும் நிற்கின்றது. கேட்டியால் அடி விழுகின்றது, வால் முறுக்கப்படுகின்றது, ஈற்றில் மாடு சேற்றிலே படுத்துவிடுகின்றது. மறுநாளும் இவ்வாறே. மூன்றாம் நாள் அதற்குச் ‘சண்டி’ என்ற பெயர் வைக்கப்பட்டுவிடும். அப்பெயர் ஊரிற் பரவியபின் அம்மாட்டை உழவுக்கோ வண்டிலுக்கோ வாங்குவார் இல்லை. இறைச்சி விலையே அதன் விலை. மூன்று ஆண்டு வளர்ப்புச் செலவு போவதோடு, சோடியில் எஞ்சிய மற்றை மாடும் துணையின்றிப் பாதிப் பயனுக்கே உரியதாகின்றது.

காரைதீவிலிருந்து சம்மாந்துறை செல்லும் வீதியின் இருமருங்கிலும் உள்ள வயல்களில் இன்று உழவின் பெரும்பகுதியை இயந்திரமே செய்கின்றது என்பது உண்மையே. ஆயினும் இயந்திரம் இறங்கித் தாழும் சதுப்புத் துண்டுகளும், எருவும் வைக்கோலும் மரக்கறி மூடையும் ஏற்றும் வண்டில்களும் உள்ளவரை மாட்டுக்கு வேலை உண்டு. எரிபொருளுக்காக நெடுவரிசையில் நிற்க நேர்ந்த 2022 ஆம் ஆண்டில், பழக்கிய சோடி ஒன்று பட்டியில் இருப்பதன் அருமையைக் கமக்காரர் பலர் உணர்ந்தனர்.

இளம் விலங்கு முன்செல்ல மறுப்பதைப் பிடிவாதம் என்று கொள்வது எங்கும் உள்ள வழக்கம். குதிரை பழக்குவோரிடமும் இவ்வழக்கம் உண்டு. இளங்குதிரை நடக்க மறுக்கும்போது, கடைவாய்ப் பற்களுக்கு முன்னே முளைக்கும் சிறு பல்லிற் கடிவாளம் உராய்கின்றதா, சேணம் முதுகை அழுத்துகின்றதா, குளம்பினுள்ளே சீழ் கட்டியுள்ளதா என்று பார்ப்பதே தேர்ந்தோர் வழக்கம். கிறித்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கராகிய செனபோன், குதிரையைச் சோதிப்போர் முதலிற் காலையே பார்த்தல் வேண்டும் என்றார்; அத்திவாரம் பழுதான வீட்டின் மேற்பகுதி நன்றாயிருந்து பயனில்லை என்பது அவர் காட்டிய காரணம். மாட்டுக்கும் இது பொருந்தும். உண்மையான சண்டித்தனமும் இல்லாமல் இல்லை. ஆனால் வேறு காரணம் எதுவும் இல்லையென்று கண்டபின்னரே அம்முடிவுக்கு வரலாம்.

சோதனையை நுகத்தை அவிழ்த்துவிட்டுத் தொடங்குதல் வேண்டும். ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துச் சமமான கடின வீதியில் மாட்டை நடத்த, மற்றொருவர் முன்னும் பின்னும் பக்கத்திலும் நின்று பார்க்க வேண்டும். முன்கால் ஒன்றில் நோவு இருந்தால், அக்கால் நிலத்திற் படும்போது மாடு தலையை உயர்த்தும். நல்ல கால் படும்போது தலை தாழும். தலை தாழும் பக்கத்துக் காலே பழுதென்று பலர் மாறி எண்ணி, நல்ல காலுக்கு மருந்து பூசுவதுண்டு. பின்கால் நோவாயின், நோவுள்ள பக்கத்து இடுப்பெலும்பு மற்றையதைவிடக் கூடுதலாக மேலெழுந்து இறங்கும். பின்னர் அதே மாட்டைச் சேற்றில் நடத்துக. வீதியிற் கூடுதலாக நொண்டி மென்மண்ணிற் குறைந்தால் நோவு பெரும்பாலும் குளம்பிலே இருக்கும். வீதியில் ஓரளவு நடந்து, காலைத் தூக்கி வைக்க வேண்டிய ஆழ்சேற்றில் மறுத்தால் தோளிலோ தொடையிலோ மூட்டிலோ தேடுக.

குளம்பைப் பார்ப்பதற்கு முன் அதைக் கழுவுதல் வேண்டும். சேறு பூசிய குளம்பில் எதுவும் தெரியாது. இரு நகங்களுக்கும் இடையில் முள், கல், வெடிப்பு, துர்நாற்றம் உண்டா என்று பார்த்து, ஒவ்வொரு நகத்தையும் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. சீழ் உள்ள நகத்தைத் தட்டியவுடன் மாடு காலைப் பறித்துக்கொள்ளும். அந்நகம் மற்றையவற்றிலும் சூடாகவும் இருக்கும். வாயிலிருந்து நூல்போல் வீணீர் வடிந்து, நாக்கிலும் குளம்பிடையிலும் கொப்புளங்கள் இருப்பின் அது கால்வாய் நோயாகும். அம்மாட்டை உடனே பட்டியிலிருந்து பிரித்து மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

இளம் உழவு மாட்டிலும் எருமையிலும் அடிக்கடி காணப்பட்டு, அடிக்கடி சோம்பல் என்று பிழையாகக் கொள்ளப்படும் குறை ஒன்று உண்டு. அது முழங்காற் சில்லு பிடித்துக்கொள்ளுதல். மாட்டின் உண்மையான பின்முழங்கால், பலர் நினைப்பதுபோலக் காலின் நடுவிற் பின்னோக்கி வளைந்திருக்கும் மூட்டு அன்று. விலாவின் அடியில், தொடை வயிற்றோடு சேருமிடத்திலே உள்ளது. அங்குள்ள சில்லு, தொடையெலும்பின் முனையிலுள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடும். அதனைக் கீழெலும்போடு பிணைக்கும் மூன்று கட்டுநார்களில் உட்புறத்தில் உள்ளது சிலவேளை எலும்பின் மேட்டில் கொளுவிக்கொள்ளும். கொளுவியதும் கால் மடங்காது. கம்புபோல் விறைத்துப் பின்னே நீண்டு நிற்க, மாடு குளம்பின் நுனியை நிலத்தில் இழுத்துக்கொண்டு வரும். பின்பு கட்டு விடுபட, கால் வெட்டி இழுத்தாற்போல் திடீரென முன்னே பாயும்.

இக்குறையை மூன்று அடையாளங்களால் அறியலாம். இரவெல்லாம் படுத்துக் கிடந்தபின் விடியலில் இது கூடுதலாக இருக்கும். சிறிது தூரம் நடந்தபின் குறையும். பின்குளம்பின் நுனி ஒருபுறமாகத் தேய்ந்திருக்கும். அவ்விடத்தில் வீக்கமோ சூடோ பெரும்பாலும் இராது. காலையில் நிற்பதும் பின்பு நடப்பதுமாக இருப்பதாலேயே “வேண்டுமென்றே செய்கின்றது, நடக்க முடிந்த மாடுதானே!” என்ற எண்ணம் எழுகின்றது. அடிபட்ட மாடு பாய முயன்று விழுந்து மூட்டை மேலும் கெடுத்துக்கொள்கின்றது. குதிரையிலும் இதே குறை உண்டு. அங்கே பொருத்தமான தீனியும் ஒழுங்கான நடைப்பயிற்சியும் தசையை வலுப்படுத்திப் பலவேளை சுகம் தருகின்றன. மாட்டில் தீராது நின்றால், மிருக வைத்தியர் அவ்விடத்தை மரக்கச் செய்து, தோலிற் சிறு துளையிட்டு உட்புறக் கட்டுநாரை வெட்டிவிடுவார். சிறிது நேர வேலை அது. பெரும்பாலான மாடுகள் அங்கேயே கால் மடக்கி நடக்கத் தொடங்கும். காயம் ஆறும்வரை சேற்றில் இறக்காதிருத்தலே வளர்ப்போர் செய்ய வேண்டியது. மூன்று நாள் அடித்தும் நடவாத மாடு இவ்வாறு நடப்பதைக் கண்டோர் கேட்டியைக் கையிலெடுக்கச் சிறிது தயங்குவர்.

இனி நுகம். புதிய மரத்திற் செதுக்கிய நுகத்தின் சொரசொரப்பும் கூரிய விளிம்பும் ஒரே நாளில் இளந்தோலை உரித்துவிடும். கழுத்தின் மேற்புறத்தைக் கையால் அழுத்திப் பார்க்க, புண் வெளித்தோன்றுமுன்னரே மாடு முதுகைத் தாழ்த்தி விலகும். உயரம் ஒவ்வாத இரண்டைச் சோடி சேர்த்தால் பாரம் குட்டை மாட்டின் கழுத்திலேயே சாயும். நுகத்தை இழைத்து மழுமழுப்பாக்கிக் கழுத்திற் படும் பரப்பை அகலப்படுத்தல் வேண்டும். புண் முற்றாக ஆறும்வரை பூட்டுதல் கூடாது. துணி சுற்றிக்கொண்டு வேலை வாங்குவது புண்ணை மூடுமேயன்றி ஆற்றாது. மூக்கணாங்கயிற்றுத் துளையில் புழு வைத்திருந்தாலும் இழுக்குந்தோறும் மாடு பின்வாங்கும்.

காலும் கழுத்தும் நன்றாயிருக்க, நடையில் மட்டும் தயக்கம் காணப்படின் வயிற்றை நினைத்தல் வேண்டும். மாடு உணவை மென்று பார்த்து விழுங்குவதில்லை. வைக்கோலோடு கலந்த கட்டுக்கம்பித் துண்டும் ஆணியும் முட்கம்பி முனையும் அதனுடன் உள்ளே போய், தேன்கூடு போன்ற இரண்டாம் இரைப்பையில் தங்கும். இரைப்பை சுருங்குந்தோறும் கம்பி முன்னோக்கித் தள்ளப்பட்டுச் சுவரைக் குத்துகின்றது; அதற்கு முன்னே பிரிமென்றகடும், அதற்கப்பால் இருதயமும் உள்ளன. இத்தகைய மாடு முதுகை வளைத்து, முழங்கைகளை உடலிலிருந்து விலக்கி நிற்கும். மேட்டில் ஏறினாலும் வரம்பிலிருந்து பள்ளத்தில் இறங்க மறுக்கும். திரும்பும்போதும் படுக்கும்போதும் முனகும். தீனியும் குறையும். திமிலுக்குப் பின்னே முதுகுத்தோலைக் கொத்தாகப் பிடித்து அழுத்தினால் நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். கம்பி குத்திய மாடு தாழ்த்தாது, அல்லது முனகும். இருவர் நின்று முன்கால்களுக்குப் பின்னே நெஞ்சின் அடியில் ஒரு தடியைக் கொடுத்து மெல்ல உயர்த்தும்போதும் முனகல் கேட்கும். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. மாட்டை முன்பகுதி உயர்ந்திருக்கும்படி மேட்டில் அசைவின்றிக் கட்டிவிட்டு வைத்தியரை அழைத்தல் வேண்டும். காலத்தோடு பார்த்தால் இரைப்பைக்குக் காந்தம் செலுத்தியும், வேண்டுமாயின் அறுவை செய்தும் காப்பாற்ற வழியுண்டு. வீடு கட்டும் மண்ணிலிருந்து பொறுக்கி எறியப்படாத கம்பியே பெரும்பாலும் இதற்கு மூலம்.

கண்ணைச் சோதிப்போர் மிகச் சிலரே. நெடுங்காலம் பழைய வைக்கோலை மட்டும் தின்ற கன்றுக்கு விற்றமின் ஏ குறைந்து, முதலில் மாலைக்கண் உண்டாகும். வேலையோ விடியுமுன் தொடங்குகின்றது. இருளிற் பாதை தெரியாத நாம்பன் காலை வைக்க அஞ்சி நிற்கின்றது. வெயில் ஏறியபின் நடக்கின்றது. மேலே கூறிய சில்லுக் குறையும் இவ்வாறே காலையிற் கூடிப் பின் குறைவதால், இரண்டையும் பிரித்தறிதல் அவசியம். அந்தி மங்கியபின் பழக்கமில்லாத வெளியொன்றில் சில தடிகளைக் குறுக்கே போட்டு மாட்டை நடத்துக. தடிகளில் இடறி, தலையைத் தாழ்த்தி முகர்ந்து முகர்ந்து வந்தால் கண்ணே காரணம். அதே தடிகளைப் பகலில் இலகுவாகத் தாண்டினால் ஐயமில்லை. பச்சைப் புல்லும் அகத்தி, முருங்கை, கிளிரிசிடியாக் குழைகளும் வைக்கோலோடு நாள்தோறும் சேர்த்தல் வேண்டும். முற்றியிருப்பின் வைத்தியர் ஊசியும் போடுவார். மரக்கறித் தோட்டம் உள்ளோர் வேலியிற் குழை நட்டாற் பசுந்தீனிக்கு அலையத் தேவையில்லை.

வெயிலில் மட்டும் நிற்கும் மாடும் உண்டு. எருமைக்கு வியர்வை குறைவு; நண்பகலில் நீரில் ஊறவிடாது வேலை வாங்கினால் அது நிற்பது தன் உயிரைக் காத்துக்கொள்வதற்கே. முன்பு கால்வாய் நோய் கண்டு குணமான மாடுகளிற் சில, மயிர் நீண்டு வளர்ந்து, சிறிது வெயிலுக்கும் இளைக்கும். இவற்றைப் பழைய வேலைக்கு மீட்பது அரிது. விடியலிலும் மாலையிலும் மெல்லிய வேலை கொடுக்கலாம்.

தாமதிக்கக் கூடாதது ஒன்று. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள கொழுத்த இளமாடு திடீரெனக் காய்ச்சலோடு நொண்டி, தொடையோ தோளோ வீங்கி, அவ்விடத்தை அழுத்தும்போது நொறுநொறுவென ஒலித்தால் அது சப்பை நோயாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே வைத்தியரை அழைத்தல் வேண்டும். இறந்தால் உடலை வெட்டாது ஆழப் புதைத்தல் வேண்டும்.

நொண்டும் காலுக்குச் சூடு போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உள்ளது. நோவு குளம்பில் இருக்கத் தோளிற் சூடு போடுவதால் இரண்டு புண் உண்டாவதன்றி வேறு பயன் இல்லை. வால் முறுக்குதலும் வால் எலும்பை முறிப்பதோடு முடியும்.

பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் செல்வோர், மாடு எந்நேரத்தில் நிற்கின்றது, வீதியிலா சேற்றிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா, நுகம் இல்லாதபோதும் நிற்கின்றதா, என்ன தீனி, எத்தனை நாளாக என்பவற்றைக் குறித்துச் சென்றால் வைத்தியரின் வேலை பாதி முடிந்ததாகும். கையிற் தொலைபேசி உள்ளோர் மாடு நடப்பதைப் பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் படம்பிடித்துக் கொண்டுபோகலாம். அலுவலக முற்றத்தில் நொண்டாத மாடு வீட்டுக்கு வந்ததும் நொண்டுவது வழக்கமாதலால் அப்படம் பெரிதும் உதவும்.

நோவு தீர்ந்த நாம்பனை மறுநாளே ஏரிற் பூட்டுதல் கூடாது. நோவு போனபின்னும் நுகத்தைக் கண்டதும் அஞ்சும் நினைவு சில நாள் நிற்கும். முதலில் வெறும் நுகத்தோடு, பழகிய முதிய மாட்டின் பக்கத்தில் காலையில் அரை மணி நேரம் நடத்துக. பின்பு ஓர் இலேசான மரக்கட்டையை இழுக்கவிடுக. அது நிற்குமுன்னரே நிறுத்தி, நுகத்தைக் கழற்றி, ஒரு பிடி தவிடு கொடுத்து நிழலிற் கட்டுக.