இலையைத் திருப்பிப் பாருங்கள்!



ஆனி பிறந்ததும் பொதிகை மலையின்மீது மேகம் திரள்கின்றது. குற்றாலத்தில் சாரல் பொழிகின்றது. தாமிரபரணியில் புதுநீர் பெருகுகின்றது. ஆனால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையே வாங்கிக்கொள்கின்றது. பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்திற்கும் ஏர்வாடிக்கும் வந்து சேர்வதெல்லாம் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களைக் கடந்து வீசும் வறண்ட காற்றுதான். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை நம் சமவெளிக்குக் கோடை முடிவதில்லை.

இந்தக் கடைக்கோடையில்தான் வீட்டு முற்றத்துச் செடிகள் நலிகின்றன. நேற்றுவரை செழித்து நின்ற செம்பருத்தியின் கொழுந்து சுருண்டுவிடுகின்றது. ரோஜா இலை வெளுக்கின்றது. பிச்சிப்பூவின் மொட்டு மலராமலே உதிர்கின்றது. உடனே நாம் என்ன செய்கின்றோம்? கடைக்கு ஆளனுப்பி, "ஏதாவது பூச்சி மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, செடி முழுவதும் தெளித்துவிடுகின்றோம். பிள்ளைக்குக் காய்ச்சலா, வயிற்றுவலியா என்று பாராமல் மருந்து புகட்டும் தாய் உண்டா? செடிக்கு மட்டும் அப்படிச் செய்யலாமா?

சற்றே எண்ணிப் பாருங்கள். முற்றத்தில் நிற்பவை வெறும் அழகுச் செடிகள் அல்ல. பெருநாளுக்கு முந்திய இரவில் பெண்மக்கள் கையில் அரைத்து இடுவது அங்குள்ள மருதாணி. தலையில் சூடுவது அங்கு பூத்த மல்லிகை. குழம்பில் இடுவது அதன் பக்கத்தில் நிற்கும் கறிவேப்பிலை. குழந்தைகள் மண்ணளைந்து விளையாடுவதும் அந்த நிழலில்தான். ஆகவே, நோயை அறிந்த பின்னரே மருத்துவம் என்பதை முதல் விதியாகக் கொள்ளுங்கள்.

முதற்சோதனை

காலை வெயில் ஏறுமுன் செடியருகே செல்லுங்கள். இலையின் மேற்புறத்தைப் பார்த்தால் போதாது. திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். பூச்சிகளிற் பெரும்பாலானவை வெயிலுக்கும் காற்றுக்கும் ஒதுங்கி அங்குதான் குடியிருக்கின்றன. பின்னர் ஒரு வெள்ளைத் தாளைக் கிளையின்கீழ் பிடித்து, கிளையை இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தாளில் விழுந்த புள்ளிகள் மெல்ல ஊர்கின்றனவா? அவை உயிருள்ளவை என்று அறிக.

தண்டில் எறும்புச் சாரை ஏறுகின்றதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி, அசுவினி, செதில்பூச்சி ஆகியவை செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியிடுகின்றன. அதனை உண்ணவே எறும்புகள் வருகின்றன. கைம்மாறாக அப்பூச்சிகளை அவற்றின் எதிரிகளிடமிருந்து காக்கின்றன. அந்த இனிப்பு நீர் படிந்த இலையில் கருமையான பூஞ்சாணம் வளரும். இலை கறுத்திருந்தால் கறுப்பைத் துடைப்பதோடு நில்லாமல், அதற்கு மேலுள்ள கிளையில் பூச்சியைத் தேடுங்கள்.

அடையாளங்கள்

இலையின் மேற்புறத்தில் ஊசிமுனைபோல் வெளிறிய புள்ளிகள், அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படை, தாளில் ஊரும் சிவந்த துகள்கள்: இது செம்பேன். வறட்சியும் புழுதியும் இதற்கு உகந்தவை. ரோஜாவிலும் மல்லிகையிலும் மிகுதியாகக் காணலாம்.

கொழுந்து சுருண்டு, வெண்பஞ்சு அப்பியதுபோல் தோன்றினால் மாவுப்பூச்சி. மெழுகுப் பொடி உடலைப் போர்த்தியிருப்பதால் தெளிப்பு நீர் எளிதில் உள்ளே புகுவதில்லை.

இலையின் அடியில் வெண்ணிற வளையங்கள் சுருள் சுருளாக வரைந்ததுபோல் இருந்தால், அது சுருள் வெள்ளை ஈ. இதில் ஒருவகை 2016ஆம் ஆண்டு பொள்ளாச்சித் தென்னைகளில் கண்டறியப்பட்டது. தென்னை, வாழை, கொய்யா மட்டுமன்றி அழகுச் செடிகளிலும் பரவுகின்றது.

அரளிக் கொழுந்தில் மஞ்சள் நிறத்தில் மொய்ப்பவை அசுவினிகள். அரளியையும் நந்தியாவட்டையையும் இரவோடு இரவாக மொட்டையடிப்பது, வாலில் கொம்பும் கழுத்தருகே நீலக் கண்போன்ற புள்ளியும் உடைய பெரும் பச்சைப் புழு. அரளிப் பால் நஞ்சாகையால், கையுறை அணிந்தே புழுவைப் பொறுக்குங்கள்.

மல்லிகை மொட்டு ஊதா நிறமாகி, அதில் சிறு துளை காணப்பட்டால் மொட்டுப்புழு உள்ளே இருக்கின்றது. அம்மொட்டுக்களைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.

நோய்களின் குறி வேறு. ரோஜா இலையின்மேல் திருநீறு தூவியதுபோல் வெண்படலம் இருப்பின் சாம்பல் நோய். ஓரம் சிதைந்த வட்டமான கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளித்து இலை உதிர்ந்தால் கரும்புள்ளி நோய். இலை நெடுநேரம் ஈரமாயிருப்பதே இதற்கு வித்து. கள்ளிமந்தாரை இலையின் அடியில் மஞ்சள் பொடி கையில் ஒட்டினால் துரு நோய்.

நோயும் இல்லை, பூச்சியும் இல்லை என்ற நிலையும் உண்டு. இட்லிப்பூச் செடியின் இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறைவு; சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீரிலும் இது தோன்றும். இலையின் ஓரம் மட்டும் காய்ந்து கருகினால் அனற்காற்றோ உப்பு நீரோ காரணமாகலாம். இவற்றிற்குப் பூச்சிக்கொல்லி தெளிப்பது வீண் செலவே.

தண்ணீரும் விரலும்

பெரும்பாலான தொல்லைகளுக்கு முதல் மருந்து தண்ணீர்தான். விடியற்காலையில் இலையின் அடிப்புறம் நனையுமாறு விசையோடு பீய்ச்சினால் செம்பேனும் அசுவினியும் வெள்ளை ஈயும் உதிர்ந்துவிடும். இதனை மூன்று நாட்களுக்கு ஒருமுறை செய்யுங்கள். மாலையில் நனைக்க வேண்டா; இரவெல்லாம் ஈரம் தங்கினால் பூஞ்சாணம் வளரும். கரும்புள்ளி கண்ட ரோஜாவிற்கு வேரில் மட்டும் நீர் ஊற்றி, உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். மாவுப்பூச்சி அப்பிய கொழுந்தை வெட்டி, திறந்த குப்பையில் எறியாமல் பையில் கட்டி அகற்றுங்கள்.

அதற்கும் அடங்காவிடில், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நன்கு கலக்கி, வெயில் தாழ்ந்தபின் ஓரிரு இலைகளில் முதலில் தெளித்துப் பாருங்கள். மறுநாள் இலை கருகாதிருந்தால் முழுச் செடிக்கும் தெளிக்கலாம்.

சிறிய நண்பன்

நஞ்சால் முடியாததை ஒரு சிறு குளவி முடித்த வரலாறு நம் தமிழகத்திலேயே உண்டு. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் அயல்நாட்டுப் பூச்சி காணப்பட்டது. அது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று தாவித் தாவிப் பரவியது. மருந்து தெளித்துத் தெளித்து உழவர்கள் சலித்தனர். 2010இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் வருவிக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அக்குளவிகள் மாவுப்பூச்சியின் உடலிலேயே முட்டையிட்டன. குறுகிய காலத்தில் பூச்சி அடங்கியது. வயலெங்கும் கடும் நஞ்சைத் தெளித்திருந்தால், குளவியன்றோ முதலில் மடிந்திருக்கும்!

உங்கள் முற்றத்திலும் அத்தகைய நண்பர்கள் உண்டு. பொறிவண்டையும் அதன் குட்டியையும் கண்டால் விட்டுவிடுங்கள். கறுத்த உடலில் மஞ்சள் புள்ளியோடு முதலை வடிவில் ஊரும் அக்குட்டியைப் பூச்சி என்றெண்ணி நசுக்குவோர் பலர். உண்மையில் அது அசுவினியை வயிறார உண்ணும் காவலாளி.

ஒரு எச்சரிக்கை

2013ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. வயலுக்கு வாங்கிய மீதியை எண்ணெய்ப் புட்டியில் ஊற்றி அடுக்களை மூலையில் வைப்போர் இன்றும் நம்மிடையே இருக்கக்கூடும். தாய்மார்களே, அந்தப் பழக்கம் உங்கள் வீட்டில் வேண்டா. பூச்சிக்கொல்லியை அதன் சொந்தப் புட்டியிலன்றி வேறெதிலும் வைக்காதீர்கள். காலியான புட்டியைக் கழுவிப் பயன்படுத்தவும் வேண்டா.

நோய் இன்னதென்று விளங்காவிடில், நோயுற்ற இலையை மூடிய பையிலிட்டு அருகிலுள்ள வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள். வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்தில் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியும் உள்ளது.

நாளைக் காலை செடிக்கு நீர் ஊற்றச் செல்லும்போது ஓரிலையைத் திருப்பிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பகை எது, நட்பு எது என்று அவர்கள் அங்கே கற்றுக்கொள்ளட்டும்.