சக்கரமும் தெருவும் – 17: ஸ்டீயரிங் உதறினால் எதை முதலில் பார்ப்பது?

திருவல்லிக்கேணியில் குடியிருக்கும் சின்ன காருக்கு வாரத்தில் ஐந்தாறு நாள் வேலையே இருக்காது. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், பெல்ஸ் ரோட்டுச் சந்துகளில், எங்கே இடம் கிடைத்ததோ அங்கே சுவரை ஒட்டி நிற்கும். வெளியே எடுத்தாலும் பைக்கிராப்ட்ஸ் ரோட்டு நெரிசலில் இரண்டாம் கியரைத் தாண்டுவது அரிது. என்றைக்காவது குடும்பத்தோடு மாமல்லபுரம் கிளம்பி, ஈசிஆரில் வேகம் 70-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். 80-ல் கை மரத்துப்போகும். இன்னும் வேகம் கூடினால் ஓரளவு அடங்கியும் விடும். மறுநாள் மெக்கானிக்கிடம் வண்டி போகும்போது கூடப் போவது இரண்டே வார்த்தைதான்: “முன்னாடி ஆடுது.” அந்த இரண்டு வார்த்தையை நம்பி லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், ஷாக் அப்சார்பர் என்று வரிசையாகப் பணம் கரைகிறது. ஆட்டம் எப்போது வருகிறது என்று பிரித்துப் பார்க்கும்வரை ஒரு பாகத்தைக்கூட மாற்றச் சம்மதிக்காதீர்கள் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வருவது. அப்படிப் பிரித்துப் பார்த்தபின், நம் பேட்டையில் நிற்கும் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது சக்கரத்தையும் அது உட்காரும் இடத்தையும்தான். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். ஆல்டோ போன்ற காரில் வரும் 145/80 R12 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.7 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 13 தடவை சுற்றுகிறது. ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை வெளிநோக்கி இழுக்கும் விசை ஒரு கிலோ எடைக்கும் குறைவு. 80-ல் அதுவே மூன்று கிலோவைத் தாண்டுகிறது. 100-ல் ஐந்து கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாத கோளாறு ஊர் எல்லை தாண்டியதும் தெரிவது இதனால்தான். “எடைக் கோளாறு என்றால் வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடத்தானே வேண்டும், 100-க்கு மேல் ஏன் குறைகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. சரியான கேள்வி. சக்கரமும் அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து தமக்கென்று ஒரு துடிப்பு வைத்திருக்கின்றன. பொதுவாக வினாடிக்கு 10 முதல் 15 தடவை. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சின்னக் கைகூட உயரத்துக்கு அனுப்பிவிடும், போக்கு மாறித் தள்ளினால் பெரியவர் தள்ளினாலும் எழும்பாது. 80-ல் சக்கரத்தின் 13 சுற்றும் அந்தத் துடிப்பும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அதைத் தாண்டியதும் விலகிவிடுகின்றன. ஆகவே “ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடுது” என்பது சக்கரத்தை நோக்கிக் கைகாட்டும் வலுவான சாட்சி.

முன்பக்க உதறல் கார் அளவுக்கே பழைய நோய். 1920-களில் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் பலூன் டயரும் முன்சக்கர பிரேக்கும் பரவியபோது, முன் சக்கரங்கள் இரண்டும் தாமாகவே இடவலமாகத் துடிக்கும் ‘ஷிம்மி’ உலகம் முழுக்கத் தலைவலியானது. இரு சக்கரங்களையும் ஒரே கட்டையில் கட்டாமல் தனித்தனியாகத் தொங்கவிடும் முறை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னர் முன் சக்கரத்தின் வேலையும் கூடியது. 1961-ல் சென்னைக்காரர்களுக்குக் கிடைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் இன்ஜின் முன்னால் இருந்தாலும் வண்டியைத் தள்ளியது பின் சக்கரம். முன் சக்கரத்துக்குத் திரும்புவதும் நிறுத்துவதும்தான் வேலை. 1959-ல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி, இன்ஜினைக் குறுக்கே வைத்து முன் சக்கரத்தையே ஓடவும் விட்டது. அந்த வழியில் வந்ததுதான் 1983 டிசம்பரில் நம் தெருக்களுக்கு வந்த மாருதி 800. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 1998-ல் தயாராகத் தொடங்கிய சான்ட்ரோவும், ஒரகடத்தில் தயாராகும் க்விடும் அதே குடும்பம். இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்ஸில், ஸ்டீயரிங், பிரேக் டிஸ்க் எல்லாம் ஒரு சாண் இடைவெளிக்குள் அடைந்துகிடக்கும் இந்த வண்டிகளில் “முன்னாடி ஆடுது” என்ற சொல் குறைந்தது நான்கு வெவ்வேறு நோய்களுக்குப் பெயர். நான்கையும் பிரிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

வாலாஜா சாலை சிக்னலில் ஏசி ஓட நிற்கும்போதே டேஷ்போர்டு கடகடக்கிறதா? சக்கரம் சுற்றவேயில்லை, அதைக் குற்றம் சொல்ல வழியில்லை. மூன்று சிலிண்டர் இன்ஜின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 850 சுற்று அளவில் ஓடும்போது வினாடிக்கு 21 தடவை எரிகிறது. அந்தத் துடிப்பை உறிஞ்ச வேண்டியது இன்ஜின் மவுண்டிங் ரப்பர். அது வெடித்தோ தொய்ந்தோ போனால் முழுத் துடிப்பும் பாடிக்கு வரும். அடுத்து, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஜெமினி மேம்பாலம் ஏறும்போது முன்பக்கம் நடுங்கி, மறுபக்கம் இறங்கும்போது சாதுவாகிவிடுகிறதா? ஆக்ஸிலின் உள்பக்க ஜாயிண்ட்டைப் பாருங்கள். பாரம் வரும்போது மட்டும் அதன் உருளைகள் தேய்ந்த பள்ளத்தில் சிக்கித் தடுமாறுகின்றன. முழுக்கத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்று கேட்டால் அது வெளிப்பக்க ஜாயிண்ட்; அது வேறு நோய். பிரேக் மிதித்தால் மட்டும் ஸ்டீயரிங் உதறுகிறதென்றால் டிஸ்க். டிஸ்க்கின் தடிமன் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 0.02 மில்லிமீட்டர் மாறினாலே காலிலும் கையிலும் தெரியும்; தலைமுடியின் பருமன்கூட அதைவிடப் பல மடங்கு. இவை எதுவும் இல்லாமல், சமமான சாலையில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகும் உதறல் தொடர்ந்தால் மிச்சமிருப்பது சக்கரம், டயர், சக்கரம் உட்காரும் ஹப். இந்தச் சோதனையைக் காலியான சாலையில் மட்டும் செய்யுங்கள். சாவியை எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும், பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் தீர்ந்துவிடும்.

இங்கே அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் மறுப்புச் சொல்லக்கூடும்: “லோயர் ஆர்ம் புஷ் மாத்தினேன், ஆட்டம் நின்னுச்சே சார்.” நின்றிருக்கும், பொய்யில்லை. ஆட்டத்தைப் பிறப்பிக்கும் பாகம் வேறு, பிறந்த ஆட்டத்தை அடக்க வேண்டிய பாகம் வேறு. புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் இரண்டாவது வகை. தாமாக அவை வினாடிக்கு 13 தடவை துடிப்பதில்லை. துடிப்பதற்கு அவற்றுக்குள் எதுவும் சுற்றவில்லை. புதிய ரப்பர் இறுக்கமாகப் பிடிப்பதால் சக்கரத்தின் கோளாறு சில வாரம் அமுங்கிக் கிடக்கும். அந்த ரப்பர் கொஞ்சம் தளர்ந்ததும் பழைய உதறல் திரும்பும். அப்போது பழி புது பாகத்தின் மேல் விழும், “டூப்ளிகேட் போட்டுட்டாங்க” என்று. மூல காரணம் அந்தக் காலம் முழுதும் சக்கரத்திலேயே இருந்தது. பால் ஜாயிண்ட்டில் லூஸ் இருந்தால் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அது கழன்றால் ஓடும் வண்டியில் சக்கரமே மடங்கும். கண்ட அன்றே மாற்ற வேண்டிய பாகம் அது. ஆனால் அதைப் பத்திரத்துக்காக மாற்றுகிறோம், உதறலுக்கு மருந்தாக மாற்றவில்லை என்ற தெளிவு கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் வேண்டும்.

இனி திருவல்லிக்கேணிக்கே உரிய விஷயம். கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உப்புக் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று இங்கே ஜன்னல் கம்பி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிற்கும் காரில் அதே துரு, கண்ணில் படாத இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. ஒன்று பிரேக் டிஸ்க். ஓரிரவில் படியும் செந்துரு காலையில் நாலைந்து பிரேக்கில் துடைபட்டுப் போகும். வாரக்கணக்கில் நின்றால் பேட் அழுந்தியிருக்கும் இடத்தின் விளிம்பில் பேட்டின் வடிவத்திலேயே ஒரு தழும்பு விழும். அது எளிதில் போகாது. இரண்டாவது இடம் ஹப். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ரிம் போய் உட்காரும் அந்த வட்ட முகப்பைப் பாருங்கள். நடுத்தண்டைச் சுற்றிப் பொருக்குப் பொருக்காகத் துரு மேடிட்டிருக்கும். 13 சென்டிமீட்டர் அகலமுள்ள முகப்பில் ஒரு பக்கம் மட்டும் 0.3 மில்லிமீட்டர் பொருக்கு மாட்டிக்கொண்டால், ரிம் சாய்ந்து உட்கார்ந்து, டயரின் ஓரத்தில் அது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கோணலாக வெளிப்படும். “போன மாசம்தான் பேலன்சிங் பண்ணினேன், இன்னும் ஆடுதே” என்ற புகாருக்கான விடைகளில் ஒன்று இது. பேலன்சிங் மிஷினின் தண்டு சுத்தமாகப் பளபளக்கிறது, அங்கே சக்கரம் நேராகச் சுற்றி பூஜ்யம் காட்டுகிறது. காரின் ஹப்பில் துரு இருப்பது மிஷினுக்கு எப்படித் தெரியும்? கம்பி பிரஷ்ஷால் ஹப் முகப்பையும் ரிம்மின் உள்முகப்பையும் தேய்த்துத் துடைக்கப் பத்து நிமிடம் போதும். சக்கரம் கழலும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

பேலன்சிங் மேடையிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மிஷின் பூஜ்யம் காட்டியதும் சக்கரத்தைத் தளர்த்தி, அரை வட்டம் திருப்பி மாட்டி, மறுபடி சுற்றச் சொல்லுங்கள். மறுபடியும் பூஜ்யத்தை ஒட்டியே வந்தால் வேலை சுத்தம். 20, 25 கிராம் என்று புதிதாக ஏதாவது காட்டினால் சக்கரம் மிஷினின் கூம்பில் நடுவாக உட்காரவில்லை. முதல் அளவே தவறு. சக்கரம் சுற்றும்போது பக்கவாட்டில் குனிந்து ரிம்மின் விளிம்பைப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கி அடிவாங்கிய ரிம் அலை அலையாகத் தெரியும். அதற்கு எத்தனை கட்டி ஈயம் வைத்தாலும் எடை சமமாகுமே தவிர வட்டம் நேராகாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-ஆம் வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமலே டயர் கிழடாகிவிடும்; உள்ளே கம்பி வலை பிரிந்து ஓரிடம் புடைக்கும். உள்ளங்கையால் மெதுவாகத் தடவினால் கண்ணுக்குத் தப்பிய புடைப்பு கைக்குக் கிடைக்கும். 2020 மார்ச் ஊரடங்கில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டிகளுக்கு டயரின் அடிப்பகுதி தட்டையாகிப்போகும் தொல்லை வந்தது. அப்படித் தட்டையான டயர் சூடேறச் சூடேறச் சரியானால் கவலை வேண்டாம். காற்றுக் குறைவோடு நெடுநாள் நின்றிருந்தால் நிரந்தரமாகவே தட்டையாகிவிடக்கூடும்.

“பழைய வண்டி, எல்லாமே தேஞ்சிருக்கும், ஒரே தடவையா மொத்தமா மாத்திடலாம், கூலி மிச்சம்” என்ற யோசனைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூலி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் ஐந்து பாகத்தை ஒன்றாக மாற்றிய பிறகும் உதறல் தொடர்ந்தால், எது காரணம் இல்லை என்பதைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது, அதுவும் ஐந்து பாகத்தின் விலை கொடுத்து. மாறாக, ஒரு ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வைத்து முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். உதறல் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்குப் போனால் குற்றவாளி அந்தச் சக்கரந்தான். செலவு அரைமணி நேர உழைப்பு. புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்குவதையும் நான் முழுக்க எதிர்க்கவில்லை. நல்ல ரிம் அங்கே கிடைக்கும். மிஷினில் சுற்றிக் காட்டச் சொல்லி வாங்கலாம். ரப்பர் உள்ள எதையும், டயர் உட்பட, அங்கே வாங்காதீர்கள். இன்னொன்று: வீல் அலைன்மென்ட் உதறலுக்கு மருந்தில்லை. அது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் டயர் கோணலாகத் தேய்வதற்கும். தேய்ந்து மேடுபள்ளமான டயர் பின்னர் உதறலாம், ஆனால் அதை அலைன்மென்ட் நேராக்காது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுப்பதால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

அடுத்த தடவை வண்டியைக் கொடுக்கும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் அடங்குகிறது, நிற்கும்போது உண்டா, ஏற்றத்தில் உண்டா, பிரேக்கில் உண்டா, கையில் தெரிகிறதா சீட்டில் தெரிகிறதா. சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் எதிர் எதிராக, படிப்படியாக இறுக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே முறுக்கிவிட்டால் டிஸ்க் வளையக்கூடும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டுகளை நீங்களே இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.