இணையதளம் யார் பெயரில் இருக்கிறது?

கடை கட்டுவதென்றால் நாம் முதலில் மனைப் பத்திரத்தைப் பார்க்கிறோம். வில்லங்கச் சான்று எடுக்கிறோம். மேஸ்திரி இதற்கு முன் கட்டிய கட்டடங்களை நேரில் போய்ப் பார்க்கிறோம். அஸ்திவாரம் முடிந்தால் எவ்வளவு, கூரை போட்டால் எவ்வளவு என்று பேசி எழுதிக் கொள்கிறோம். இத்தனை விவரம் தெரிந்த வணிகர்கள் பலர், கடைக்கு இணையதளம் அமைக்கும்போது மட்டும், தெரிந்தவர் ஒருவர் சொன்ன இளைஞரிடம் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து, "நல்லபடியா செஞ்சு கொடு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

பிறகு வரும் முறையீடுகள் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. தளம் பாதியில் நிற்கிறது. செய்தவர் வெளிநாடு போய்விட்டார். விலையை மாற்றக்கூட அவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. "திறமையான ஆள் கிடைப்பதில்லை" என்பதே முடிவான பேச்சாக இருக்கிறது. உண்மையில் சென்னை, கோவை, மதுரை மட்டுமல்ல, சிறிய ஊர்களிலும் இவ்வேலை தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண்பதும், வேலையை ஒப்படைக்கும் முறையும்தான் கடினம். அதற்கான வழிகளை இங்கே தருகிறோம்.

தனித்தளம் தேவைதானா?

எல்லாக் கடைக்கும் புதிதாக நிரல் எழுதித் தளம் அமைக்க வேண்டிய அவசியமில்லை. ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ் தளத்தில் இயங்கும் வூகாமர்ஸ் போன்ற ஆயத்த ஏற்பாடுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே விலை, பணம் கட்டியதும் பார்சல் அனுப்புவது என்ற அளவில் நடக்கும் சில்லறைக் கடைக்கு இவை போதும்.

மொத்த வியாபாரத்தின் கதை வேறு. ஒரு பருப்பு மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் விலை மாறுகிறது. பத்து மூட்டை எடுப்பவருக்கு ஒரு விலை, நூறு மூட்டை எடுப்பவருக்கு இன்னொரு விலை. ஒருவருக்கு முப்பது நாள் கடன், மற்றவருக்குக் கைமேல் காசு. பழைய பாக்கி வரம்பைத் தாண்டினால் புது ஆர்டர் எடுக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை லாரி ஒரு வழியில் போகும், வெள்ளிக்கிழமை வேறு வழியில் போகும். சரக்கிருப்பும் பாக்கி விவரமும் டேலியில் இருக்கின்றன. அங்கிருந்து அவை தளத்துக்கு வர வேண்டும். இப்படிப்பட்ட வியாபாரத்துக்குத்தான் தனித்தளம். தேவையைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஆயத்தத் தளமே போதும்" என்று ஒருவர் சொன்னால், அவரைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். நேர்மையான ஆள்.

தேவைப் பட்டியல்

ஆளைத் தேடுமுன் இரண்டு பக்கங்களில் நமக்கு என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். கணினி மொழி எதுவும் வேண்டாம். கடை மொழியே போதும். ஆர்டர் எப்படி வருகிறது, யார் பார்த்து ஒப்புதல் தருகிறார், கிடங்குக்குச் சீட்டு எப்படிப் போகிறது, பில் எங்கே போடப்படுகிறது, சரக்கு திரும்பி வந்தால் என்ன செய்கிறோம் என்று வரிசையாக எழுதுங்கள். கணக்கரையும் கிடங்குப் பொறுப்பாளரையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இதே பட்டியலை மூன்று பேரிடம் கொடுத்து விலை கேளுங்கள். பட்டியல் இல்லாமல் வாங்கும் விலைப்புள்ளிகளை ஒப்பிடுவதில் பயனில்லை. ஒருவர் குடிசைக்கு விலை சொல்லியிருப்பார், இன்னொருவர் மாடி வீட்டுக்குச் சொல்லியிருப்பார். பட்டியலைப் படித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் மறுநாளே விலை அனுப்புகிறவரிடம் எச்சரிக்கை தேவை. நன்றாக வேலை தெரிந்தவர் நிச்சயம் பத்துக் கேள்வியாவது கேட்பார்.

ஆளைச் சோதிப்பது எப்படி?

நமக்கு நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் சோதிக்க வழிகள் உண்டு.

முதலாவது, அவர் செய்து இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் தளங்கள் இரண்டையாவது கேட்டு வாங்குங்கள். படங்களைக் காட்டினால் போதாது. அந்தத் தளங்களை விலை குறைந்த கைபேசியில் திறந்து பாருங்கள். நம்மிடம் சரக்கெடுக்கும் சிறுகடைக்காரர் அப்படித்தான் பார்ப்பார். கூகுள் நிறுவனத்தின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசச் சோதனையில் தள முகவரியைக் கொடுத்தால் வேகம் தெரிந்துவிடும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்றினால் நல்லது என்பது அங்குள்ள அளவுகோல்.

இரண்டாவது, அந்தத் தளங்களின் உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். சொன்ன தேதியில் முடித்தாரா? கோளாறு வந்தபோது எத்தனை மணி நேரத்தில் பதில் சொன்னார்? மறுபடி வேலை கொடுப்பதானால் இவருக்கே கொடுப்பீர்களா?

மூன்றாவது, வாடிக்கையாளரின் கடன் அட்டை எண்ணை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். "நம் தளத்தில் வைக்கவே கூடாது, பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் பக்கத்திலேயே முடியும்" என்று சொல்பவர் விஷயம் தெரிந்தவர். ரிசர்வ் வங்கியின் கட்டளைப்படி 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் அட்டை எண்களைச் சேமித்து வைக்கக் கூடாது.

நான்காவது, தமிழ். பழைய விலைப்பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கலாம். அவற்றை அப்படியே ஏற்றினால் திரையில் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. எல்லாம் யூனிகோடுக்கு மாற வேண்டும். 'துவரம் பருப்பு' என்று தமிழில் தட்டினாலும் ஆங்கில எழுத்தில் தட்டினாலும் சரக்கு கிடைக்குமா என்று கேளுங்கள்.

கடைசியாக, முழு வேலையையும் ஒப்படைக்கும் முன் ஒரு வாரத்தில் முடியக்கூடிய சிறு பகுதியை, உரிய கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஐம்பது சரக்குகளின் பட்டியலும் விலையும் இருந்தால் போதும். இலவசமாகச் செய்து காட்டச் சொல்வது முறையல்ல. நல்ல வேலைக்காரர் அதற்கு இசையவும் மாட்டார்.

பெயரும் உரிமையும்

இக்கட்டுரையில் நாம் வலியுறுத்துவது இதைத்தான். தளத்தின் முகவரியாகிய டொமைன் பெயர் நம் கடையின் பெயரில், நம் கடையின் மின்னஞ்சலில், நாமே பணம் கட்டிப் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். வேலை செய்பவர் தம் பெயரில் பதிவு செய்துகொள்வது ஏமாற்றும் நோக்கத்தால் அல்ல. பெரும்பாலும் வசதி கருதித்தான். ஆனால் அவர் தொழிலை விட்டுவிட்டால் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு நமக்கு வராது. பதிவு காலாவதியாகி நீக்கப்பட்ட பின் .காம் பெயர்களை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. கட்டணம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அதையும் தவறவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 2004-ஆம் ஆண்டில் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலப் பாதுகாப்புக்குரியது என்று தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுக்கலாம்தான். ஆனால் சில நூறு ரூபாயில் முடியும் காரியத்துக்கு நீதிமன்றப் படி ஏறுவானேன்?

அடுத்தது, தளத்தை இயக்கும் நிரல். இங்கே பலருக்கும் தெரியாத சட்டம் ஒன்று இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. நம்மிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் அலுவல் முறையில் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை நமக்கு. வெளியாளிடம் கூலி பேசிச் செய்தால், முழுப் பணம் கொடுத்திருந்தாலும் முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமை நமக்கு மாற வேண்டுமானால் எழுத்து மூலம், கையெழுத்துடன் மாற்றித் தர வேண்டும். அதிலும் கால வரையறை குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் பொருள் கொள்கிறது. எனவே "இத்தளத்துக்கென எழுதப்பட்ட நிரலின் பதிப்புரிமை முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும் கடைக்கு மாற்றித் தரப்படுகிறது" என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல நிரல்களைச் சேர்த்திருந்தால் அவற்றின் உரிமையை அவர் மாற்றித் தர முடியாது; பட்டியல் மட்டும் வாங்கிக் கொள்ளுங்கள்.

தளம் தங்கியிருக்கும் சர்வர் கணக்கு, நிரலைச் சேமிக்கும் கிட்ஹப் கணக்கு, பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கணக்கு, குறுஞ்செய்தி அனுப்புவதற்கான பதிவு ஆகிய நான்கும் கடையின் பெயரில் தொடங்கப்பட வேண்டும். வேலை செய்பவருக்கு உள்ளே நுழையும் அனுமதி கொடுத்தால் போதும்; வேலை முடிந்ததும் அதைத் திரும்பப் பெறலாம். சாவியைக் கொடுக்கலாம், பத்திரத்தைக் கொடுக்கக் கூடாது.

பணம் கொடுக்கும் முறை

தொகையை நான்கைந்து தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு வேலையோடு இணையுங்கள். சரக்குப் பட்டியல் இயங்கினால் ஒரு தவணை; ஆர்டர் எடுத்தால் ஒரு தவணை; டேலியோடு இணைந்து ஒரு வாரம் கணக்கு ஒத்துப்போனால் ஒரு தவணை. கடைசித் தவணையை, தளம் ஒரு மாதம் கோளாறின்றி ஓடிய பிறகு கொடுப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். சொன்ன வேலை முடிந்துவிட்டால் தவணையை அன்றே கொடுத்துவிட வேண்டும். நடுவில் புதுத் தேவை தோன்றினால் அதற்குத் தனி விலை பேசுங்கள். "இதையும் சேர்த்துச் செய்துவிடு" என்று நாம் சொல்லிக்கொண்டே போவதும் தளங்கள் பாதியில் நிற்கக் காரணம்.

பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் பேசும்போது, தினமும் தகவல் நகல் எடுப்பதும், மாதம் ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை மீட்டுக் காட்டுவதும் அதில் அடங்க வேண்டும். மீட்டுப் பார்க்காத நகலை நம்ப முடியாது.

சட்டம் நம்மைத்தான் கேட்கும்

தளத்தில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் சேர்கின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அவற்றைக் காக்கும் பொறுப்பு, அவற்றைத் திரட்டும் வணிகருடையது. தளத்தை அமைத்துக் கொடுத்தவரைக் கை காட்டித் தப்ப முடியாது. நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் தளம் என்றால் 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் பொருந்தும். கடையின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் குறைதீர்ப்பு அலுவலரின் விவரமும் தளத்தில் தெரிய வேண்டும். புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இவற்றையும் தேவைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே தளம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் டொமைன் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே நயமாகப் பேசி மாற்றி வாங்கிவிடுங்கள்.