மண்ணும் பத்திரமும் – 9: கல் நட்ட பிறகு வரும் கணக்கு

2025 மார்ச் மாதம் தமிழ்நாடு பட்ஜெட்டில், கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம் வரை 185 கிலோமீட்டருக்கு மித அதிவேக ரயில் விடச் சாத்தியக்கூறு ஆய்வு செய்யப்படும் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரான தம்மம்பட்டிக்கு அதில் பங்கில்லை. ரயில் பிடிக்க நாங்கள் இன்னும் ஆத்தூருக்குத்தான் பஸ் ஏறுகிறோம். ஆனாலும் அந்த வாரமே டீக்கடையில் பேச்சு தொடங்கிவிட்டது. “சேலம் வரைக்கும் வந்துட்டா ஆத்தூர் என்னங்க தூரம்?” என்றார் ஒருவர். அடுத்த பெஞ்சிலிருந்த நில புரோக்கர் பதில் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டார்.

ரயிலோ சாலையோ, வரைபடத்தில் கோடு விழுவதற்கும் வண்டி ஓடுவதற்கும் நடுவே பல வருடங்கள் போகும். அந்த வருடங்களில் நிலம் கைமாறுவது எப்படி என்பதுதான் இந்த வாரம்.

முதலில் எந்தச் சட்டத்தில் நிலத்தை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மத்திய அரசின் ரயில் பாதை என்றால் 1989 ரயில்வே சட்டம். 2008-இல் அதில் நில எடுப்புக்கென்றே தனி அத்தியாயம் சேர்த்தார்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ஆம் வருடச் சட்டம். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு நோட்டீஸ் போவது 1997-ஆம் வருடத்துத் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தில். மெட்ரோ ரயில் எப்போது தொழிற்சாலை ஆனது என்று கேட்கத் தோன்றும். உள்கட்டமைப்புத் திட்டமும் ‘தொழில் நோக்க’த்துக்குள் அடங்கும் என்பது சட்டத்தின் பதில்.

2013-இல் வந்த நில எடுப்புச் சட்டம் இருக்க இவையெல்லாம் எதற்கு? அந்தச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு, ஒப்புதல் என்று நேரம் பிடிக்கும் படிகள் உண்டு. அதனால் மத்திய அரசு தன்னுடைய 13 சட்டங்களுக்கு ஆரம்பத்திலேயே விலக்கு வாங்கிக்கொண்டது. தமிழ்நாடு 105-ஏ என்றொரு பிரிவைச் சேர்த்து, மாநில நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று சட்டங்களுக்கு விலக்கு தந்தது. அது செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு உடனே புதுச் சட்டம் போட்டு அந்த மூன்றுக்கும் உயிர் கொடுக்க, 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆக, விரைவாக எடுக்கும் வழி திறந்தே இருக்கிறது. இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் எந்தச் சட்டத்தில் எடுத்தாலும் 2013 சட்டத்தின் அட்டவணைப்படிதான். நிலக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியது அந்த அட்டவணையை.

கல் நடுவதைப் பற்றிச் சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். போலீஸ் காவலோடு அளவை நடந்தது, கற்கள் ஊன்றப்பட்டன, பிடுங்கப்பட்டன. அன்றைக்குப் பெரும்பாலானவர்கள் கல் விழுந்தாலே நிலம் போய்விட்டது என்று நினைத்தார்கள். அப்படியல்ல. நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3-ஏ என்பது நிலம் எடுக்கும் எண்ணத்தைச் சொல்லும் அறிவிக்கை, அவ்வளவுதான். அது வெளியான 21 நாட்களுக்குள் ஆட்சேபணை தரலாம். அதைக் கேட்டு முடித்த பிறகு 3-டி அறிவிக்கை வரும். அன்றைக்குத்தான் நிலம் வில்லங்கமெல்லாம் நீங்கி அரசுக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காலம் உங்களுடையது.

எட்டுவழிச் சாலையில் இந்த இடைக்காலத்திலேயே ஒரு வேலை நடந்தது. எடுத்து முடிக்காத நிலங்களின் வருவாய்ப் பதிவேடுகளில் பெயர் மாற்றிவிட்டார்கள். அடங்கலில் பெயர் இல்லாதவனுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் யார் கொடுப்பார்கள்? 2019 ஏப்ரல் 8-ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கைகளை ரத்து செய்தது. பதிவேடுகளைப் பழையபடி மாற்றவும் உத்தரவிட்டது. 2020 டிசம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 3-ஏ அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று சொல்லி அறிவிக்கைகளைச் செல்லவைத்தது. பதிவேடுகளைத் திருத்தச் சொன்ன பகுதியை மட்டும் அதுவும் விட்டுவைத்தது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அரசு ஜெயித்தது என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். பதிவேட்டில் பெயரைத் திருப்பச் சொன்னது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இனி விலை. சண்டையெல்லாம் இங்கேதான்.

2013 சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்வது இது. அரசின் வழிகாட்டி மதிப்பு, அதாவது நாம் சொல்லும் கைடுலைன் வேல்யூ, ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலங்களுக்கு முந்தைய மூன்று வருடங்களில் பதிவான கிரயப் பத்திரங்களை எடுத்து, அவற்றில் விலை கூடிய பாதியின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதுதான் சந்தை மதிப்பு. நகர்ப்புறம் என்றால் அதை ஒன்றால் பெருக்குவார்கள். ஊரகம் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு வரை மாநில அரசு வைத்த எண்ணால். அதோடு மரம், கிணறு, கட்டட மதிப்பைச் சேர்த்து, வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு 100 சதவீதம் ஆறுதல் தொகை.

கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கத்தை இதற்குள் வைத்துப் பாருங்கள்.

ஒரு ஏக்கர் 20 லட்சத்துக்குக் கை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைடுலைன் 8 லட்சம். பத்திரத்தில் எழுதுவது எட்டு. மீதி பன்னிரண்டு ரொக்கமாக, மஞ்சள் பையில். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று மொத்தம் 11 சதவீதம் இருந்த காலத்தில் இப்படி எழுதினால் 1,32,000 ரூபாய் மிச்சம். வாங்குகிறவருக்குச் சந்தோஷம். விற்கிறவரும் எட்டோடு கணக்கை முடித்துக்கொள்வார். ஊரே இப்படி எழுதுவதால் பத்திரங்களின் சராசரியும் கைடுலைனும் ஒன்றாகிவிடுகின்றன. பிறகு ஒருநாள் கோடு விழுகிறது. பெருக்கும் எண் 1.25 என்று கொண்டால் எட்டு பத்தாகும்; ஆறுதல் தொகை சேர்ந்தால் இருபது. அதிகாரி மைக்கைப் பிடித்து, “சந்தை மதிப்பைப் போல இரண்டரை மடங்கு கொடுக்கிறோம்” என்பார். நிலக்காரர், “நான் வாங்கின காசுதானே வருது, இதுல மடங்கு எங்க இருக்கு?” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நிஜ விலையை எழுதியிருந்தால் அதே ஏக்கருக்கு 50 லட்சம் வந்திருக்கும்.

இந்தப் பழியை விவசாயி தலையில் மட்டும் கட்ட எனக்கு மனமில்லை. 2017 ஜூன் 9 முதல் மாநிலம் முழுக்க வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்ததும், பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தியதும் அரசுதான். பத்திரப் பதிவு சூடு பிடிக்கட்டும் என்று செய்த வேலை அது. அடுத்த வருடமே எட்டுவழிச் சாலைக்குக் கல் நட வந்தார்கள். இழப்பீட்டுக் கணக்கின் ஒரு பக்கமான வழிகாட்டி மதிப்பு அப்போது மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தது. திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு துறையின் சலுகை இன்னொரு துறைக்கு லாபமாகும்போது அதை எடுத்துச் சொல்ல யாரும் இருப்பதில்லை.

தம்மம்பட்டிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நம் ஊர் பேரூராட்சி என்பது. தமிழ்நாட்டில் பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் வருகிறது. மரவள்ளி போட்ட காடாகவே இருந்தாலும், எல்லைக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை வைத்தே பெருக்கும் எண் பற்றிய தகராறு கிளம்பும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. எந்த எண் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று இழப்பீட்டுத் தீர்வாணை நகலில் முதலில் தேடுங்கள்.

மரங்களை மதிப்பிடுவது கொஞ்ச நேரத்தில் முடியும் வேலை, ஆனால் பணம் அதிகம் நழுவுவது அங்கேதான். ஆத்தூர்ப் பக்கத்துப் பாக்குத் தோப்பு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். சர்வேயர் ஒரு பக்கம் புலப்படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கிராம உதவியாளர் மரத்துக்கு மரம் சுண்ணாம்பால் எண் போட்டுக்கொண்டே போனார். வி.ஏ.ஓ. நோட்டில் எழுதினார். ஓரத்து வரிசையில் இடுப்பு உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றுகளை விட்டுவிட்டு நடந்தார்கள். “சார், அதையும் எழுதிக்கோங்க. இன்னும் ஒரு வருசத்துல பாளை விட்டுரும்” என்று அந்த வீட்டு அம்மா கூடவே ஓடினார். “காய்ப்புக்கு வராததைத் தனியாத்தாம்மா எழுதணும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் வி.ஏ.ஓ. அந்த அம்மா விடவில்லை. மகஜரில், அதாவது நேரில் பார்த்து எழுதும் பதிவில், கன்றுகளின் எண்ணிக்கை ஏறிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். காய்க்கும் மரத்துக்கும் கன்றுக்கும் மதிப்பு வேறு வேறு, சரி. ஆனால் மகஜரில் ஏறாததற்கு எந்த மதிப்பும் கிடையாது. கிணறும் மோட்டாரும் தரைக்கடியில் போன பைப்பும் அப்படித்தான்.

இன்னும் சில விஷயங்கள் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாலை அகலப்படுத்தும்போது வீட்டின் முன்பக்கத்தை மட்டும் எடுக்க வந்தால், “எடுப்பதானால் முழு வீட்டையும் எடுங்கள்” என்று கேட்க 2013 சட்டத்தின் 94-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்தச் சட்டத்தில் தொகை போதாது என்று பிறகு வழக்காட நினைப்பவர்கள், பணம் வாங்கும்போது “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதித்தான் வாங்க வேண்டும். எழுதாமல் வாங்கினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அதே அறிவிக்கையில் நிலம் போன பக்கத்துக்காரர் வழக்காடிக் கூடுதல் தொகை பெற்றால், வழக்குக்கே போகாதவர்களும் அந்தத் தீர்வாணை வந்த மூன்று மாதத்துக்குள் தங்களுக்கும் கேட்டு மனுக் கொடுக்கலாம். இது 73-ஆம் பிரிவு. பெரும்பாலும் அந்த மூன்று மாதம் முடிந்த பிறகுதான் நம் ஆட்களுக்குச் சேதி வந்து சேரும்.

நிலமே இல்லாதவர்கள்? தம்மம்பட்டியில் மரச்சிற்ப வேலை செய்கிறவர்களில் வாடகைக் கொட்டகையில் உளி பிடிப்பவர்கள் உண்டு. புவிசார் குறியீடு ஊருக்குக் கிடைத்தது. கொட்டகை மட்டும் இன்னொருவர் பட்டாவில் நிற்கிறது. நிலம் எடுத்தால் காசு பட்டாதாரருக்குப் போகும். ஆனால் பாதிக்கப்பட்ட குடும்பம் யார் என்று சொல்லும் இடத்தில் சட்டம் கைவினைஞர்களையும் குத்தகைதாரர்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நில எடுப்புக்கு முந்தைய மூன்று வருடங்கள் அங்கே வேலை செய்து, அதுவே முக்கியப் பிழைப்பாக இருந்தால் போதும். கைவினைஞருக்கு ஒரே தடவையாகக் குறைந்தது 25,000 ரூபாய் என்கிறது இரண்டாம் அட்டவணை. ஒரு தேர்த் தட்டுக்கான மரத்தின் விலைக்குக்கூட அது காணாது என்று சிற்பிகள் சொல்வார்கள், தவறில்லை. அதை வாங்கவும் மூன்று வருடத்துக்கான அத்தாட்சி வேண்டுமே. வாடகை ரசீது எழுதி வாங்குகிற வழக்கம் இங்கே யாரிடமும் இல்லை. அந்தக் கொட்டகையின் மின் இணைப்பும் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும். கைவினைஞர் அடையாள அட்டையும், மரம் வாங்கிய பில்லும், சிலை அனுப்பிய லாரி ரசீதும்தான் கைகொடுக்கும். அவற்றை இன்றைக்கே ஒரு பைலில் போட்டு வைக்கலாம்.

(அடுத்த வாரம்: நத்தம், புறம்போக்கு, பட்டா இல்லாத வீடு)