பூதக்கண்ணாடி: கேட்டுப் பெற வேண்டிய உரிமை

தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர் பக்கம் போனால், மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். இலையை நறுக்கி, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றுவது வரை எல்லாமே கண்ணுக்கு ஓரடிக்கு முன்னால் நடக்கிற வேலை. நாற்பதைத் தாண்டியதும் நூல் மங்கலாகத் தெரியும். முனை சரியாக மடங்காது. சுற்றும் எண்ணிக்கை குறையும்போது கூலியும் குறைகிறது.

அறுபதைத் தாண்டியவர்களுக்குச் சிக்கல் இன்னும் கூடுகிறது. மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தெரிவதில்லை. சர்க்கரை மாத்திரை எது, பிரஷர் மாத்திரை எது என்பது நிறத்தை வைத்து ஊகிக்கும் விஷயமாகிவிடுகிறது. வங்கிச் சீட்டை யாரோ எழுத, என்ன தொகை என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். "வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும்" என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. இதில் பெரும்பகுதி ஒரு கண்ணாடியாலும் ஒரு லென்ஸாலும் நல்ல வெளிச்சத்தாலும் சரியாகக்கூடியது.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2018-இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. படிக்கும் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் கொழுந்து பறிப்பு, கொடுக்கப்படாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. கொழுந்து பறிப்பவருக்கே இவ்வளவு பலன் என்றால், நூல் சுற்றுபவருக்குக் கண்ணாடி எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை.

முதலில் பரிசோதனை

வயது ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, பக்கத்துப் பொருளுக்கு ஏற்ப வளைந்து கொடுக்காமல் போவதுதான் வெள்ளெழுத்து. இது எல்லோருக்கும் வரும், நோயல்ல. ஆனால் "வெள்ளெழுத்துதான்" என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண்புரை, கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு, விழித்திரையின் நடுப்பகுதித் தேய்வு ஆகியவை சத்தமில்லாமல் வளரலாம். நீர் அழுத்த நோயில் பெரும்பாலும் வலியே இருக்காது. போன பார்வை திரும்ப வராது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கட்டம் போட்ட நோட்டுத் தாளைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். கோடு வளைந்தோ, நடுவில் அழிந்தோ தெரிந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். இத்தனை நாள் கண்ணாடி போட்டவருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே எழுத்து தெரிந்தால் அது நல்ல செய்தி அல்ல; கண்புரை வளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். மின்னல் வெட்டுவது போலத் தெரிந்தாலோ, பார்வையில் திரை விழுந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

தென்காசி அரசுத் தலைமை மருத்துவமனையிலும், திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பரிசோதிக்கலாம். 1988 முதல் திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனையும் இயங்குகிறது. கண்ணாடி போட்டும் எழுத்து தெரியாதவர்கள், "குறை பார்வைக்கான சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது?" என்று கேட்டுப் போக வேண்டும். எந்த லென்ஸ் பொருந்தும் என்று அங்கே கையில் கொடுத்துப் பார்த்தே சொல்வார்கள்.

வெளிச்சமும் லென்ஸும்

இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குக் கிடைக்கிறது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பகலிலேயே வீட்டுக்குள் இருட்டு. கூரை விளக்கு போதாது. தோளுக்குப் பின்னாலிருந்து தாளின் மேல் விழுகிற மாதிரி ஒரு மேசை விளக்கு வையுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்வதுண்டு.

பூதக்கண்ணாடி வாங்கும்போது, பெரிய வட்டமாக இருந்தால் நன்றாகப் பெரிதாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. பவர் கூடக் கூட லென்ஸ் சிறிதாகும். எழுத்துக்கும் லென்ஸுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். இரண்டு மடங்கு லென்ஸை எழுத்திலிருந்து சுமார் 12 சென்டிமீட்டரில் பிடிக்கலாம். நான்கு மடங்கு லென்ஸுக்கு 6 சென்டிமீட்டர்தான். லென்ஸை முதலில் தாளின் மேலேயே வைத்து, எழுத்து பெரிதாகித் தெளியும் வரை மெல்ல உயர்த்துங்கள். பிறகு கண்ணை லென்ஸுக்கு அருகே கொண்டுபோங்கள். ஒரே பார்வையில் அதிக எழுத்துகள் தெரியும். கை நடுங்குபவர்களுக்குத் தாளின் மேல் தானே நிற்கும் ஸ்டாண்டு வைத்த லென்ஸ் நல்லது. அதைப் படிக்கும் கண்ணாடியோடு பயன்படுத்த வேண்டும். மாத்திரை அட்டையை ஸ்மார்ட்போனில் படம் எடுத்து விரலால் பெரிதாக்கியும் படிக்கலாம். வெயில் படும் இடத்தில் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டுப் போகாதீர்கள், தீப்பிடிக்கலாம்.

ஏமாற வேண்டாம்

குற்றாலத்தில் மூலிகைக்கும் தேனுக்கும் எண்ணெய்க்கும் குறைவில்லை. ஆனால் எதையும் மருத்துவர் சொல்லாமல் கண்ணில் விடக் கூடாது. கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். கண்புரை, நீர் அழுத்தம் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. வெள்ளெழுத்துக்கான ஒரு சொட்டு மருந்து, அனுமதியை மீறிய வகையில் விளம்பரப்படுத்தப்பட்டதற்காக, 2024 செப்டம்பரில் அதன் அனுமதியை மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது. கண்ணாடிக் கடையில் தவறான பவரைக் கொடுத்து மாற்றித் தர மறுத்தால், ரசீதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். கண்ணாடி வாங்கினால் ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கேட்டுப் பெறுங்கள்

பலருக்குத் தெரியாத ஓர் உரிமை வங்கியில் இருக்கிறது. பார்வை குறைந்தவர்கள் பயன்படுத்த எல்லாக் கிளைகளிலும் பூதக்கண்ணாடி வைத்திருக்க வேண்டும், அது இருப்பதைக் கண்ணில் படும் இடத்தில் அறிவிப்பாக எழுதியும் வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2014 மே 21 அன்று வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. கேளுங்கள். இல்லை என்றால் மேலாளரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

60 வயது நிறைந்த, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத முதியோருக்கு, 2017-இல் தொடங்கிய ராஷ்டிரிய வயோஸ்ரீ திட்டத்தில் கண்ணாடி உள்ளிட்ட உதவிக் கருவிகள் இலவசம். முகாம் எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலும் முதியோருக்குப் படிக்கும் கண்ணாடி தர இடமுண்டு. அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் விசாரியுங்கள். அங்கே மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை இருக்க வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம். அதே சட்டத்தின்படி பிள்ளைகள் தர வேண்டிய பராமரிப்பில் மருத்துவச் செலவும் அடங்கும். தர மறுத்தால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழையுங்கள்.

வீட்டில் பெரியவர் இருந்தால், இந்த வாரமே அவருடைய மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தன் மருந்தையும் தன் பணத்தையும் தானே படித்துத் தெரிந்துகொள்வது அவருடைய உரிமை.